மெக்சிகோவில் வாசலுக்கு வரும் தண்ணீரும் காஸும்: ஓய்வுபெற்ற தம்பதிகளுக்குச் சரிப்படுமா?

ஓய்வுக்குப் பிறகு மெக்சிகோவில் குடியேற நினைக்கும் தம்பதிகள் விசா, வாடகை, மருத்துவம் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். குடிபோன முதல் வாரத்தில் திணறுவதோ குடிநீருக்கும் காஸுக்கும். பெரும்பாலான ஊர்களில் இரண்டும் வண்டியில்தான் வரும். சாப்பாலா ஏரிக்கரையின் அஹிஹீக்கில் வாழ்ந்தாலும், மெரிதாவில் வாழ்ந்தாலும் அன்றாடம் இந்த வண்டிகளை நம்பித்தான் ஓடும். சேவை நல்ல சேவை. அறுபதைத் தாண்டிய இருவர் கார் இல்லாமலே இதை வைத்துக் குடித்தனம் நடத்தலாம். ஆனால் வீட்டில் சில பொருட்களைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும், வண்டி வந்து நிற்கும் ஐந்து நிமிடமும் கூடவே நிற்க வேண்டும்.

முதலில் தண்ணீர். கர்ராஃபோன் என்பது 20 லிட்டர் கேன். சியெல், போனாஃபோன்ட், எபுரா போன்ற கம்பெனிகள் கொண்டுவந்து தருகின்றன. தெருக்கோடியில் சின்னச் சுத்திகரிப்புக் கடைகளும் உண்டு. கம்பெனி கேன் 50 பெசோவை ஒட்டி இருந்தால், கடையில் நிரப்புவதற்கு அதில் பாதிகூட ஆகாது. முதல் தடவை காலிக் கேனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கம்பெனிக்காரர் தன் கம்பெனிக் கேனைத்தான் மாற்றித் தருவார், சின்னக் கடைக்காரர் எதையும் நிரப்புவார். அதனால் எந்தக் கேன் வாங்குவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

இருவர் குடிக்கவும், சோறு பருப்பு வேகவைக்கவும் ஒரு நாளைக்கு 6, 7 லிட்டர் ஆகும். ஒரு கேன் மூன்று நாள்தான் வரும். வீட்டில் மூன்று கேனாவது இருக்கட்டும்: ஒன்று பயன்பாட்டில், ஒன்று நிரம்பியபடி, ஒன்று மாற்றுவதற்கு. வாங்கும்போது மூடிமேல் உள்ள சீல் கிழியாமல் இருக்கிறதா, உள்ளே பச்சைப் படலம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் பாசி பிடிக்கும்.

இதில் பெரிய ஆபத்து எடை. நிரம்பிய கேன் 20 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும் வகை ஸ்டாண்டைக் கடைகளில் முதலில் காட்டுவார்கள், வாங்காதீர்கள். முதுகு பிடித்துக்கொள்வது அங்கேதான். கேனின் வாயில் பொருத்தும், சார்ஜ் செய்யக்கூடிய சின்ன மின்பம்ப் போதும். கேன் தரையிலேயே இருக்கும், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும். பம்பின் குழாயை வாரம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள். கேனைச் சமையலறை வரை கொண்டுவந்து வைக்கச் சொன்னால் பையன் வைப்பான், மாடியென்றால் 10, 20 பெசோ கையில் கொடுப்பதுதான் முறை.

சான் மிகெல் தே அயெந்தே பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் அதிகம் என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட பிரச்சினை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இவை போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும். கார்பன் ஃபில்டரையும் புற ஊதா விளக்கையும் மட்டும் நம்ப முடியாது. ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறையில் சுத்திகரிக்கிறார்களா என்று கடையில் கேளுங்கள். அங்கே சமையலுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

குளிக்க, துவைக்க நகராட்சித் தண்ணீர். மொட்டைமாடியில் இருக்கும் தொட்டியை டினாக்கோ என்பார்கள். பல ஊர்களில் தண்ணீர் முறை வைத்து வரும். எனவே வீடு பார்க்கும்போதே தரையடித் தொட்டி இருக்கிறதா, பம்ப் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டினாக்கோவைக் கழுவ ஆள் வைக்கலாம். நீங்கள் ஏற வேண்டாம். தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியாகிவிட்டால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். வீட்டில் மிகத் தாழ்வான குழாயைத் திறந்து சிறிது நேரம் விட்டால் சரியாகும்.

இனி காஸ். இரண்டு வழி உண்டு: 20, 30 கிலோ சிலிண்டர், அல்லது மாடியில் நிரந்தரமாக நிற்கும் டாங்க். தம்பதிகளுக்கு டாங்க்தான் சரி என்று உறுதியாகச் சொல்வோம். சிலிண்டரில் எடைக் குறைவு, ராத்திரியில் தீர்ந்துபோவது, பழைய துருப்பிடித்த உருளை கைமாறி வருவது என்று மூன்று தொல்லை. வேறு வழியில்லாமல் சிலிண்டர் என்றால், காலி எடை உருளைமேல் பொறித்திருக்கும். தராசில் வைக்கச் சொல்லி மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். இணைப்பு மரை இடப்புறம் திருப்பினால்தான் இறுகும். பழக்கத்தில் வலப்புறம் திருப்பினால் கழன்றுவிடும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. இந்த காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் திறந்தவெளியில்தான் இருக்க வேண்டும்.

டாங்க்குக்கு லாரி வரும், மீட்டர் வைத்து லிட்டர் கணக்கில் நிரப்புவார்கள். டாங்க்கின் மேலே சதவீதம் காட்டும் முள் இருக்கும். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான ஊழியர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். கணக்கு எளிது: 300 லிட்டர் டாங்க்கில் முள் 40 காட்டுகிறது, 80 வரை நிரப்பினால் ஏறியது 120 லிட்டர். முள் துல்லியமானதல்ல, கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ரசீதில் 150 என்று வந்தால் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். மீட்டர் சுழியத்தில் தொடங்குகிறதா, அச்சிட்ட ரசீது வருகிறதா, நுகர்வோர் அமைப்பான புரோஃபெகோவின் சோதனை ஸ்டிக்கர் லாரியில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். விலையில் பேரம் கிடையாது. 2021 ஆகஸ்டு முதல் ஊருக்கு ஊர் உச்ச விலையை அரசு வாராவாரம் அறிவிக்கிறது, அந்த வார விலையைக் கைபேசியில் பார்த்துவிட்டு வாசலுக்குப் போங்கள்.

“முழுக்க நிரப்பு” என்று மட்டும் சொல்லாதீர்கள். வெயிலில் திரவம் விரியும். இடம் இல்லாவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து காஸ் வெளியேறும். 80 சதவீதம் போதும். 20க்கு இறங்கும்போதே அடுத்த லாரிக்குச் சொல்லிவிடுங்கள். டாங்க்கின் தகட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் சோதனைச் சான்றிதழை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சி.எஃப்.இ. நிறுவனத்தின் பில் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஓக்ஸோ கடையில் சிறு கட்டணத்தோடு கட்டலாம். 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால் 230 வோல்ட் மிக்சியைச் சுமந்து போகாதீர்கள். ஏசி அவசியப்படாத பகுதிகளுக்கான முதல் வகைக் கட்டணத்தில், பன்னிரண்டு மாத சராசரி மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மானியம் போய்விடும், பில் எகிறும். பழைய ஃபிரிட்ஜும் மின்ஹீட்டரும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பில்லை எறியாதீர்கள். வங்கியிலும் அலுவலகங்களிலும் முகவரிச் சான்றாகக் கேட்பது அதைத்தான்.

தண்ணீர், காஸ் இரண்டுக்கும் வாட்ஸப்பில் சொன்னால் போதும். செய்தியை “புவெனோஸ் தியாஸ்” என்று தொடங்குங்கள்; வணக்கம் சொல்லாமல் வேலையைச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. முகவரியோடு வாசல் நிறம், குறுக்குத் தெரு, எத்தனையாவது மாடி எல்லாம் எழுதுங்கள். பத்திலிருந்து இரண்டுக்குள் வருவோம் என்பார்கள், அந்த நான்கு மணி நேரமும் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். 500 பெசோ நோட்டுக்குச் சில்லறை இருக்காது, 20, 50 நோட்டுகளை ஒரு டப்பாவில் தனியாக வையுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் டிசம்பர் கடைசியிலும் வண்டிகள் தாமதமாகும், அதற்கு முன்பே நிரப்பிக்கொள்வது நல்லது.

தம்பதிகளில் ஸ்பானிஷ் வருபவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் மற்றவருக்கு காஸ்காரரின் எண்கூடத் தெரியாது. எண்கள் இரண்டு கைபேசியிலும் இருக்கட்டும், ஒரு மாதம் ஒருவர் வரவழைத்தால் அடுத்த மாதம் மற்றவர் வரவழைக்கட்டும்.