சீல் பிரிக்காத ஊசிக்கு 6,500 ரூபாய்

பழைய ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

அப்பா விட்டுச்சென்றது ஒரு கேரார்டு எஸ்பி25 பிளேயர். அதில் ஷூர் எம்75 கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம். ஊசி தேய்ந்துபோயிருந்தது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டதால், அந்தக் காலத்து அசல் ஊசி என்றாலே வியாபாரிகள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நான் போன கடைக்காரரும் அப்படித்தான் பேசினார். கண்ணாடி அலமாரியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். சீல் அப்படியே இருந்தது. அருகிலேயே பயன்படுத்திய ஊசி ஒன்று 1,200 ரூபாய்க்கு இருந்தது. “அது யார் எத்தனை மணி நேரம் ஓட்டியதோ. இது கன்னி கழியாத சரக்கு சார்” என்றார். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “சீலைப் பிரித்தால் மதிப்பே போய்விடும்” என்றார். 6,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஊசி தட்டை அழுத்தும் எடையை 2 கிராமில் வைத்து ஒரு நாகஸ்வர எல்பியைப் போட்டேன். ஆலாபனை வரை குறையில்லை. நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறிய இடத்தில் சத்தம் கிழிந்தது. எடையை 3 கிராமுக்கு ஏற்றிப் பார்த்தேன். ஊசி இரண்டு வரி தாண்டிக் குதித்தது. பிடிவாதத்தில் அதே இடத்தை மூன்று முறை ஓட்டினேன். அந்த முட்டாள்தனம் மட்டும் என்னுடையது.

வானொலி பழுதுபார்ப்பதில் நாற்பது ஆண்டு கழித்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். லென்ஸை மாட்டிக்கொண்டு, தூரிகையின் ஒற்றை மயிரால் ஊசி முனையை லேசாகத் தொட்டார். “அசையவே மாட்டேன் என்கிறதே, ஆணி அடித்த மாதிரி நிற்கிறது தம்பி” என்றார். வைரமுனை மெல்லிய அலுமினியத் தண்டின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டை ஒரு துளி ரப்பர்தான் தாங்குகிறது. இசைத்தட்டின் வரி வளையும் பக்கமெல்லாம் முனையும் வளைந்து போவது அந்த ரப்பர் இளகிக் கொடுப்பதால்தான். என் ஊசியில் அது பெட்டிக்குள் இருந்தபடியே இறுகிவிட்டது. யாரும் தொடவில்லை என்பதற்காக ரப்பருக்கு வயது ஏறாமல் இருக்குமா? சிலவற்றில் இதற்கு நேர்மாறாக இளகித் தொய்ந்து, கார்ட்ரிட்ஜின் வயிறே தட்டில் உரசுமாம்.

திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “பிரித்துவிட்டீர்களே சார், இப்போது இது பழைய பொருள் ஆகிவிட்டது. பழைய பொருளை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை.” பிறகு, என் பிளேயரில்தான் கோளாறு என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த 1,200 ரூபாய் ஊசியை வாங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைரமுனை ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். தேய்ந்ததா இல்லையா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. “பத்துப் பாட்டுதான் ஓடியது” என்பதை நம்பி எதையும் வாங்க முடியாது. ஆனால் கார்ட்ரிட்ஜின் உடல் அப்படியல்ல. அதற்குள் இருப்பது கம்பிச் சுருள். இந்த வகையில் காந்தம்கூட ஊசியோடுதான் வருகிறது. சுருள் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். அதனால் உடலைப் பழையதாக வாங்கலாம். ஊசியை இன்றைக்குத் தயாரிப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் பிளேயர்களில் அந்தப் பெல்ட்டும் ரப்பர்தான். பெட்டியில் கிடந்த பெல்ட் ஒன்று பிசினாகி விரலில் ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனின் எஃகு ஊசிக்கு மட்டும் நியாயம் வேறு. அதில் ரப்பர் கிடையாது. துரு ஏறாத பழைய டப்பா கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கணக்கு; அதற்குமேல் ஓட்டினால் தட்டுதான் தேயும். அங்கேயும் ஓட்டிய ஊசிகளை அள்ளிப் பழைய டப்பாவில் நிரப்பி விற்கிறார்கள். இரண்டு மூன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முனை சப்பையாக இருந்தால் டப்பாவை வைத்துவிடுங்கள்.

இப்போது ஜப்பானில் ஜிகோ நிறுவனம் தயாரிக்கும் ஊசியைப் போட்டிருக்கிறேன். உச்சஸ்தாயியில் எல்லாத் தட்டும் தெளிவாகப் பாடுகிறது, அந்த நாகஸ்வர எல்பியைத் தவிர. நான் மூன்று முறை ஓட்டிய இடம் வரும்போது அது இன்னும் கரகரக்கிறது.