சாயநீருக்கு எந்த நொதி?

2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு அழுத்தமான நிறமே அழகு. ஆனால் செயற்கைச் சாயம் தோய்த்த நீர், மழையை நம்பி ஊருணி வெட்டிய செட்டிநாட்டு மண்ணில் எங்கே போவது? அந்தச் சாயத்தைச் சிதைக்க பாக்டீரியாக்கள் இரண்டு நொதிகளைத் தருகின்றன.

முதலாவதான அசோரிடக்டேஸ், செயற்கைச் சாயங்களில் ஒரு வகையான அசோ சாயத்தின் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த தொட்டியில் இந்த நொதியைத் தரும் பாக்டீரியாக்களை வளர்த்தால் நிறம் மறைந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சாயம் உடைந்து மிஞ்சும் அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தெளிந்துவிட்டதே என்று அந்த நீரை ஊருணிப் பக்கம் திருப்புவது பெருங்கேடு! காற்றூட்டிய இரண்டாம் தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் அந்த அமீன்களைச் சிதைத்தாக வேண்டும்.

இரண்டாவதான லாக்கேஸ் செம்பு அணுக்கள் கொண்ட நொதி. சாயத்தைச் சிதைக்கக் காற்றின் ஆக்சிஜனே அதற்குப் போதும். அசோரிடக்டேஸுக்கு வேண்டிய என்ஏடிஹெச் (உயிரணுக்களில் எலக்ட்ரான் தரும் மூலக்கூறு) போன்ற துணைப்பொருள் தேவையில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளின் மேலுறையில் இருக்கும் லாக்கேஸ் வெப்பத்தையும் தாங்குகிறது. ஆனால் சில சாயங்கள், நொதிக்கும் சாயத்துக்கும் இடையே எலக்ட்ரானைக் கடத்தும் இடையீட்டுப் பொருள் சேர்க்காமல் அதற்கு மசிவதில்லை.

அசோ சாயம் மிகுந்த பட்டறைக் கழிவுக்கு நான் பரிந்துரைப்பது இரு தொட்டி முறையைத்தான். நொதியைப் பிரித்தெடுக்கும் செலவு அதில் இல்லை. பாக்டீரியாக்களே அதை உருவாக்கிக்கொள்ளும்.