ஹோர்மோன் பேட்ச்: சுகம் தந்தது, உடம்பில் நிற்கத்தான் மாட்டேனென்கிறது

மாதவிடாய் நின்று எட்டு வருடம் கழித்து, அதோடு வந்த உடற்சூடு தாங்காமல் 57 வயதில்தான் ஹோர்மோன் சிகிச்சையைத் தொடங்கினேன். இப்போது ஒன்றரை வருடமாகிறது. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், கிழமைக்கு இரண்டு முறை மாற்றுவது. அதோடு இரவு படுக்கும் நேரத்துக்கு 100 மில்லிகிராம் புரொஜெஸ்டரோன் குளிசை ஒன்று. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதைத் தடுக்கத்தான் அந்தக் குளிசை. இவை ஏற்கெனவே பலருக்கும் தெரிந்த விஷயங்கள். நான் எழுத வந்தது அந்த பேட்சின் பசையைப் பற்றி.

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் சும்மா திண்ணையில் இருந்தாலே முதுகு நனைந்துவிடும். பேட்சை ஒட்டச் சொல்லும் இடமோ இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தின் மேற்பகுதி அல்லது அடிவயிறு. மார்பிலோ அதை அண்டியோ ஒட்டக் கூடாது. ஒட்டிய இடத்தில் ஒரு கிழமைக்காவது திரும்ப ஒட்டக் கூடாது. எண்ணெய், பவுடர், கிறீம் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. நான் குளித்து, துவாயால் ஒற்றி, ஃபானுக்குக் கீழே நின்று உடம்பு வடிவாகக் காய்ந்த பிறகுதான் தாளை உரிப்பேன். விளிம்பு முழுவதும் உள்ளங்கைச் சூடு படும்படி அழுத்திப் பிடிப்பேன். அப்படிச் செய்தும் இரண்டாம் நாள் பின்னேரமே ஒரு மூலை சுருண்டு கிளம்பிவிடும். கிளம்பிய மூலையில் உடுப்பின் பஞ்சு ஒட்டிக் கறுக்கும். கறுத்த இடம் பிறகு எந்த அழுத்தத்துக்கும் படியாது. பாவாடை நாடா உரசும் இடமென்றால் கேட்கவே வேண்டாம். போன ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாடிவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பேட்சையே காணவில்லை.

கழன்றுபோனால் புதியதை ஒட்டவேண்டும். ஆனால் மாற்றும் நாள் மாறாது, பழைய கணக்கிலேயே போகவேண்டும். ஆகவே கழன்றது முழுவதும் நட்டம். இங்கே நான் பாமசியில் சொல்லிவைத்து, கொழும்பிலிருந்து எடுப்பித்துத்தான் வாங்குகிறேன். சில மாதம் வரும், சில மாதம் "இன்னும் வரவில்லை அம்மா" என்பார்கள். அப்படிக் காத்திருந்து வாங்கியது வேர்வையில் வழுக்கி விழும்போது வயிறு எரிகிறது. மேலே பிளாஸ்டர் போட்டுப் பார்த்தேன், தோல் சிவந்து கடித்தது. கழற்றிய பிறகு தோலில் நான்கு பக்கமும் நிற்கும் பசைக் கோட்டைத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு விலைக்கு விற்கும் மருந்தை, வெயிலில் வேலை செய்து வேர்க்கும் பெண்களையும் நினைத்துச் செய்திருக்கலாம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

இன்னொன்று. கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மூடியுள்ள வாளியில்தான் போடுங்கள். எங்கள் டவுனில் மான்கள் வீதியோரக் குப்பைப் பைகளைக் கிளறித் தின்பது எல்லோருக்கும் தெரியும். சிறு பிள்ளைகள் கையிலும் அகப்படக் கூடாது.

அதற்காக அது தந்ததை மறைத்து எழுத முடியாது. எட்டு வருடமாக நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து வழியே காதுமடல் வரைக்கும் ஏறும் அந்தச் சூட்டோடு இருந்தேன். இரவில் தலையணை உறை நனைந்து எழும்புவேன், பிறகு விடியும்வரை கண் மூடாது. கேட்ட இடமெல்லாம் "வயது போனால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கோ" என்ற ஒரே பதில். பேட்ச் ஒட்டிய முதல் மாதத்துக்குள்ளேயே சூடு தணியத் தொடங்கியது. புரொஜெஸ்டரோன் தூக்கத்தைக் கொண்டுவரும் குளிசை, அதனால்தான் இரவில் போடச் சொல்கிறார்கள். இப்போது இடையில் எழும்பாமல் தூங்குகிறேன்.

நான் எதிர்பார்க்காதது என் விரல்கள். விடிய எழும்பி இடியப்ப உரலைப் பிடித்தால் விரல் மூட்டுகள் மடங்காது. சுடுநீரில் கையை வைத்து, உருவி, பிறகுதான் மாவைப் பிழிவேன். சில நாள் மகனே வந்து பிழிந்து தருவான். இரண்டு மூன்று மாதத்தில் அந்த இறுக்கம் விட்டுவிட்டது. சிலருக்கு மூட்டு நோவு குறைவதுண்டு, எல்லோருக்கும் அப்படியென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். எனக்குக் குறைந்தது. காலையில் ஒரு தட்டு முழுக்க நானே பிழிந்து அவித்து எடுக்கும்போது வருகிற சந்தோசம் கொஞ்சமல்ல.

பயம் எனக்கும் இருந்தது. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற ஆய்வின் ஒரு பகுதியை 2002 யூலையில் இடையில் நிறுத்தினார்கள், ஹோர்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பேச்சு அதோடுதான் பரவியது. வி.ஓ.ஜி. டொக்டர், அதாவது ஆஸ்பத்திரியின் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர், எனக்கு அதைப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பகுதியில் இருந்த 16,608 பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது வேறு வகை ஹோர்மோன், அதுவும் வாயால் விழுங்கும் குளிசை. வருடத்துக்கு 10,000 பேரில் 30 பேருக்கு வரும் மார்பகப் புற்றுநோய் அந்த மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. ஆபத்து இல்லையென்று அவர் சொல்லவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மை கூட, அதற்குப் பிறகு இதயம், பக்கவாதம் பற்றிய யோசனை கூடும் என்றார். எனக்குப் பிரெஷர் இருப்பதால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜனை விட்டுத் தோல் வழியாகக் கொடுத்தார். குளிசை இரத்தக்கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும், தோல் வழி கொடுப்பதில் அப்படிக் காணவில்லை. அந்த நாற்பது வயதுகளிலேயே யாராவது இதை இப்படி இருத்திவைத்துச் சொல்லியிருந்தால் எட்டு வருடம் போயிருக்காது. இதில்தான் எனக்குப் பசையைவிடப் பெரிய மனக்குறை.

முதல் மாதங்களில் கொஞ்சம் இரத்தம் பட்டது. ஆறு மாதத்துக்குள் அப்படிப் படுவது வழக்கம். அதற்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, நின்று திரும்பத் தொடங்கினாலோ ஸ்கான் செய்யாமல் விடக்கூடாது.

மட்டக்களப்பில் இருக்கும் தங்கச்சி முறையான ஒருத்தி போனகிழமை கேட்டாள், "அக்கா, நீங்கள் போடுற அந்த பேட்சையே நானும் எழுதித் தரச்சொல்லிக் கேட்கட்டா?" அவளுக்கு 54, நின்று இரண்டு வருடம். வேண்டாம் என்றேன். சிகிச்சையைத் தள்ளிப்போடாதே, பேட்சை மட்டும் வாங்காதே, ஜெல் கிடைக்குமா என்று கேள் என்றேன். ஜெல் தினமும் பூசவேண்டும், காயும்வரை உடுப்புப் படக்கூடாது, பிள்ளைகளின் தோலில் உரசக்கூடாது. என் பேத்தி என் கையிலேயே தலைவைத்துப் படுப்பவள் என்றபடியால்தான் நான் இதுவரை மாறவில்லை. தொடையில் பூசலாம் என்கிறார்கள், அடுத்த கிளினிக்கில் நானும் கேட்கப்போகிறேன்.

அவளை முதலில் வெல் வுமன் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். மார்பகப் பரிசோதனை, பிரெஷர், சுகர், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் டெஸ்ட் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். அவளின் தாய்க்கு மார்பில் கட்டி வந்து ஒப்பரேஷன் செய்தது எனக்குத் தெரியும். அதை வி.ஓ.ஜி.யிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், சொன்ன பிறகு அவர் மாட்டேனென்றால் வேறு மருந்துகளும் இருக்கின்றன என்றேன். தாயின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டாளாம்.