சிறு ஊர் நூலகங்களின் இலவச வகுப்புகள்: பல வருடங்கள் போய்வந்த பிறகு

சிறு ஊர்ப் பொது நூலகங்களில் நடக்கும் இலவச வகுப்புகளுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். கற்றுக்கொள்ளப் போயிருக்கிறேன், சில நாள் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அடிப்படை, வேற்றுமொழி பேசிப் பழகும் வட்டம், வாசகர் வட்டம், குழந்தைகளுக்குக் கதை நேரம், யாராவது வந்து பேசிவிட்டுப் போகும் ஒருநாள் நிகழ்ச்சி என்று எல்லாம் கலந்துதான் இருக்கும். போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் போங்கள், ஆனால் எதற்குப் போகிறோம் என்று பார்த்துப் போங்கள். வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே ஆள் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

இருப்பதிலேயே அதிகப் பயன் தருவது கம்ப்யூட்டர் வகுப்புதான், அதுவும் ஆறேழு பேருக்கு மேல் போகாத வகுப்பு. ஒருமுறை பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் மவுஸை நகர்த்திக்கொண்டே போனார். மேசை விளிம்பு வந்துவிட்டது, திரையில் அம்பு இன்னும் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, கையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம், தூக்கும்போது அம்பு அசையாது என்பது பழகியவர்களுக்குச் சொல்லத் தோன்றாத விஷயம், அவருக்கோ அன்றைய பாடமே அதுதான். சொல்லிக்கொடுத்த பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னார், கடைசி வரை அவர் கையிலிருந்து மவுஸை வாங்கவே இல்லை. அப்புறம் டபுள் கிளிக். முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை நகர்ந்துவிடுகிறது, ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பெண் சொல்லச் சொல்லப் பெரியவரே செட்டிங்ஸில் போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்தார், கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கை வந்துவிட்டது. மவுஸைப் பிடுங்கி 'இதோ பாருங்க, இவ்வளவுதான்' என்று தானே செய்துகாட்டுகிறவர்களிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வகுப்பு பாதியில் நிற்பது பெரும்பாலும் ஓ.டி.பி.யில்தான். மின்னஞ்சல் கணக்கைத் திறந்துகொடுத்தது மகனாக இருப்பார், போன் நம்பரும் மகனுடையது, அவர் வேலையில் இருப்பதால் எடுக்க மாட்டார், அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. அதனால் வகுப்பில் சேருமுன் கணக்கு உங்கள் நம்பரில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து மாற்றிக்கொண்டு வாருங்கள். இன்னொன்று, நூலகக் கம்ப்யூட்டர் பலரும் உட்காரும் இடம். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள், எழுந்திருக்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பிரின்ட் எடுக்க இறக்கிய அடையாள அட்டைப் பிரதியை டவுன்லோட்ஸில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்யுங்கள். இதை எல்லா வகுப்பிலும் முதல் நாளே சொல்லவேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

மொழி பழகும் வட்டம் முழுக்க முழுக்க நடத்துகிறவரைப் பொறுத்தது. ஒவ்வொரு தப்பையும் அங்கேயே திருத்துகிறவர் இருந்தால் கூச்சமுள்ளவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை. பேச விட்டு, தப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பொதுவாகத் திருத்துகிறவரிடம் நானே நிறையப் பழகியிருக்கிறேன். வாசகர் வட்டம் நன்றாகவே நடக்கும், ஒரே ஒருவர் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கதை நேரத்துக்குக் குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம்.

எனக்குள்ள பெரிய வருத்தம் ஒருநாள் நிகழ்ச்சிகள் மேல். அரங்கு நிறைகிறது, போட்டோ எடுக்கிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், அடுத்த வாரம் சந்தேகம் கேட்க யாரும் இல்லை. பதிவேட்டில் தலைகளை எண்ணினால் இதற்குத்தான் எண்ணிக்கை அதிகமாக வரும், ஏழு பேர் வந்து ஏழு பேரும் உண்மையிலேயே கற்றுக்கொண்ட வகுப்பு அங்கே சின்னதாகத் தெரியும், நிதியும் பெரிய எண்ணிக்கை இருக்கும் பக்கம்தான் போகும். யுனெஸ்கோவின் பொது நூலகக் கொள்கை அறிக்கை 1949-இல் முதலில் வந்தது, 1972-இலும் 1994-இலும் 2022-இலும் திருத்தி வெளியிட்டார்கள், பொது நூலகச் சேவை கொள்கையளவில் இலவசமாக இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது, எல்லா வயதினரும் டிஜிட்டல் திறன் பெற உதவுவதையும் 2022 வடிவம் நூலகத்தின் பணியாகச் சேர்த்திருக்கிறது. எல்லா வயதினரும் என்று சொல்லிவிட்டு வகுப்பைக் காலை பதினோரு மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்?

முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பை நிறுத்துவது இன்னொரு கொடுமை. ஒரு நூலகத்தில் அப்படித்தான் ஆனது. தன்னார்வலர் வேறு ஊருக்குப் போய்விட்டார், அதை யாருக்கும் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையில் பழைய நேரமே இருந்தது, பஸ் பிடித்து வந்தவர்கள் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், அதில் பாதிப் பேர் பிறகு நூலகம் பக்கமே வரவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. புத்தகத்தைத் தேடும் நேரத்துக்கு மட்டுமா அது பொருந்தும்? நூலகரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, சிறு ஊர்களில் பல இடங்களில் கதவு திறப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை ஒரே ஆள். சொல்லிக்கொடுக்க ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்ட வகுப்புகள் ஒருவர் போனாலும் தொடர்ந்து நடந்திருக்கின்றன.

சரி, உங்கள் நூலகத்தில் எந்த வகுப்பும் இல்லையா? கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துபோகும், ஒரு தாளில் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அது இருந்தால் மேலே கேட்பதற்கு நூலகருக்கும் வசதி. கம்ப்யூட்டர் வகுப்பு வேண்டும் என்று பொதுவாக எழுதாமல் மின்னஞ்சல் அனுப்ப, விண்ணப்பம் நிரப்ப, போட்டோவின் அளவைக் குறைத்து ஏற்ற என்று தேவையைக் குறிப்பிடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரமுடியும் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்.