ஒரு குழாயில் தண்ணீர் குறைந்ததற்கு வீடு முழுவதற்கும் பில்: டர்பன் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாக வேலைக்குச் செல்லும்போது பெரியவர்களை வீட்டில் தனியே விட்டுச் செல்பவர்கள், இந்தப் பதிவைச் சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குளியலறை வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் நூலாக வந்ததற்காக எங்களிடமிருந்து 8,970 ரேண்ட் வாங்கப்பட்டது. அந்தக் கோளாறைச் சரிசெய்ய ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் அரைக் கோப்பை வினிகருமே போதுமானவை. புகார் இன்னும் நடைமுறையில் இருப்பதால் வந்த பிளம்பரின் பெயரை எழுதவில்லை. அவர் கையாண்ட முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், 1960களில் கட்டப்பட்ட ஒரு வீட்டில். தண்ணீர் நின்று மறுபடி வருவது இங்கே யாருக்கும் புதிதல்ல. அப்படி நின்ற தண்ணீர் ஒருநாள் இரவு திரும்பி வந்தபோது, முதலில் காற்று சீறியது, பிறகு பழுப்பு நிறத்தில் கலங்கல் வந்தது, அதன்பின் தெளிந்தது. மறுநாள் காலையில் சமையலறையிலும் ஷவரிலும் தண்ணீர் வழக்கம்போல வந்தது. குளியலறை வாஷ்பேசினில் மட்டும், சூடு, குளிர் இரண்டு பக்கமும் திறந்தாலும், முகம் கழுவக்கூடப் போதாத அளவுக்கு மெலிந்துவிட்டது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மோசடி முழுவதும் இதை மறைப்பதில்தான் அடங்கியிருந்தது.

பகுதி வாட்ஸ்அப் குழுவில் வந்த பிளம்பர் விளம்பரத்தைப் பார்த்து அழைத்தோம். நானும் கணவரும் வேலையில் இருந்தோம். வீட்டில் என் மாமியார் மட்டும் இருந்தார். வந்தவர் வாசலில் முருகன் படத்தைப் பார்த்ததும் கைகூப்பி வணக்கம் சொல்லியிருக்கிறார். தன் குடும்பத்தில் ஆண்டுதோறும் காவடி எடுப்பார்கள் என்றும் பேச்சுக்கிடையில் சொல்லியிருக்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், நம்மவர் என்று தோன்றிவிட்டால் பெரியவர்கள் அதற்குமேல் கேள்வி கேட்கத் தயங்குவார்கள் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் சிலர் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

அவர் வாஷ்பேசின் குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே தோட்டத்துக் குழாய்க்குச் சென்று, அதில் அழுத்தமானியைப் பொருத்தினார். அதே நேரத்தில், உடன் வந்த பையனை வீட்டுக்குள் அனுப்பி ஷவரையும் சமையலறைக் குழாயையும் முழுவதுமாகத் திறந்து வைக்கச் சொன்னார். மானியில் முள் 150 கிலோபாஸ்கலில் நின்றதை மாமியாரிடம் காட்டி, "பாருங்கள் ஆன்ட்டி, 400 இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு போய்விட்டது, சுவருக்குள் குழாயும் துருப்பிடித்திருக்கிறது" என்றார். தண்ணீர் வேறு குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எடுக்கும் அளவையே அந்த 400 என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டும். பின்னர் வேறொரு பிளம்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டு அளந்தபோது, முள் 400-ஐ ஒட்டியே நின்றது.

என் மாமியார் அதிகம் படித்தவரல்லர். ஆனாலும், "சமையலறையில் நன்றாக வருகிறதே தம்பி, வால்வு கெட்டிருந்தால் அங்கேயும் குறைய வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பொறியாளரும் கேட்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்த வால்வு வழியாகத்தான் எல்லாக் குழாய்களுக்கும் தண்ணீர் செல்கிறது. அது பழுதானால் எல்லாமே மெலியும். அவரோ, வாஷ்பேசின்தான் கடைசியில் இருக்கிறது, நோய் முதலில் கடைசியில்தான் தெரியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே சுத்தியலை எடுத்துவிட்டார்.

வாஷ்பேசினுக்குப் பின்புறம் டைல்களை உடைத்து, பழைய இரும்புக் குழாயின் வெளிப்புறத் துருவைக் காட்டினார். அறுபது ஆண்டுப் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளியே துரு இருப்பது, உள்ளே தண்ணீர் செல்லவில்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தக் குழாயை அவர் மாற்றவுமில்லை. சிமெண்ட் பூசி மூடிவிட்டார். சூடும் குளிரும் கலந்து வரும் வாஷ்பேசின் குழாயை, அதாவது மிக்சரை, கழற்றிப் புதியது பொருத்தினார். கழற்றிய பித்தளைக் குழாயை மாமியார் கேட்டபோது, குப்பைக்குப் போகிற சாமான் என்று சொல்லித் தன் வண்டியில் போட்டுக்கொண்டார். வால்வையும் மாற்றியாகிவிட்டது என்றார்.

பிறகு தொலைபேசியில் எனக்குப் பில்லை அனுப்பினார்: வருகைக் கட்டணம் 650, மிக்சர் 2,450, வால்வு 2,900, டைல் உடைத்த கூலி 1,800, இவற்றின் மேல் 15 சதவீத வாட் 1,170. வீட்டுக்கு வரும் பிரதானக் குழாயை அவர் மூடி வைத்திருந்தார்; பணம் வந்து சேர்ந்ததும்தான் திறப்பேன் என்றார். எழுபது வயதைத் தாண்டியவர் சொட்டுத் தண்ணீரில்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது விலையைப் பற்றி வாதாட முடியாது என்பது அவருக்குத் தெரியும். பணத்தை அனுப்பினோம். அதே மிக்சர் கடையில் 900 ரேண்டுக்கும் குறைவு. பில்லில் வாட் வசூலித்திருந்தாரே தவிர வாட் பதிவு எண் எங்கும் இல்லை. பதிவு செய்யாதவர் வாட் வசூலிக்கவே கூடாது. அந்த எண் 4-இல் தொடங்கும் பத்து இலக்க எண். சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் அதை யாரும் சரிபார்க்கலாம்.

அடுத்த முறை தண்ணீர் நின்று வந்ததும் புதிய குழாயும் பழையபடியே மெலிந்தது. அழுத்தமும் குழாயும் வால்வும் சரியாக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லப்பட்ட பிறகும் இது நேர்ந்ததால், குழாயின் முனையையே கழற்றிப் பார்த்தேன். அந்த முனையில் ஏரேட்டர் என்ற சிறு சல்லடை திருகப்பட்டிருக்கும். தண்ணீரோடு காற்றைக் கலந்து சிதறாமல் விழச் செய்வது அதன் வேலை. வாஷ்பேசின் துளையை அடைத்துவிட்டு, சல்லடையைச் சுற்றித் துணியைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து பார்க்கையில் இடப்புறமாகத் திருகினேன்; கையிலேயே கழன்றது. உள்ளே காப்பித் தூளைப் போல ஒரு படலம் அப்பியிருந்தது. வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தபோது, பழுப்பு நிறத் துருச் செதில்களும், பொடி மணலும், ஏதோ ஒரு வாஷரிலிருந்து பிய்ந்த கறுப்பு ரப்பர்த் துணுக்கும் தனித்தனியே தெரிந்தன. அந்தத் துணுக்கு மட்டுமே சல்லடையின் கால்வாசியை மூடியிருந்தது. சல்லடை இல்லாமல் குழாயைத் திறந்தபோது தண்ணீர் பீறிட்டு வந்து என் புடவையை நனைத்தது. வினிகரில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, வாஷரைச் சரியாக வைத்து மறுபடி திருகியதும் குழாய் சரியாகிவிட்டது.

ஆகவே யாரையும் அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயில் மட்டும் குறைந்து மற்றவற்றில் சரியாக வந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் குழாய்க்கு ஒரு கை தூரத்துக்குள்தான் இருக்கும். சூடு, குளிர் இரண்டும் ஒன்றுபோல மெலிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏரேட்டர். ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால், வாஷ்பேசினுக்குக் கீழே அந்தப் பக்கத்துத் தண்ணீரை மூடித் திறக்கும் ஆங்கிள் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வை மூடி, அந்த வால்விலிருந்து மிக்சருக்குச் செல்லும் ஹோஸை மிக்சர் பக்கம் கழற்றி வாளிக்குள் விட்டு, மெல்லத் திறந்து பாருங்கள். வாளிக்குள் வேகமாக வந்தால் அடைப்பு மிக்சருக்குள், அதாவது தண்ணீரைக் கட்டுப்படுத்தும் உட்பாகமான கார்ட்ரிட்ஜில். அங்கேயும் மெலிந்தே வந்தால் ஹோஸிலோ வால்விலோ இருக்கிறது. ஹோஸின் உட்புற ரப்பர் சுருங்கி வழியை அடைப்பதும் உண்டு. சூடான தண்ணீர் மட்டும் எல்லாக் குழாய்களிலும் குறைந்தாலோ பழுப்பாக வந்தாலோ, அப்போதுதான் கீசர் பக்கம் பார்க்க வேண்டும். அது நாமே கை வைக்கும் வேலையன்று. வாஷ்பேசினில் நாற்றம் வருகிறது என்றால், ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றமில்லை என்றால் குற்றவாளி தண்ணீரல்ல, வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் கழிவுநீர்ப் பொறி (டிராப்). தண்ணீர் நின்று வரும் நாட்களில், தோட்டத்துக் குழாயை முதலில் திறந்து கலங்கல் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே வீட்டுக்குள் குழாய்களைத் திறப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

வால்வு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பிர்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிளம்பிங் தொழில் பதிவு வாரியத்தில் பதிவுபெற்ற ஒருவரை வரவழைத்தேன். வெளிச்சுவரில் இருக்கும் அந்த வால்வை அவர் டார்ச் அடித்துக் காட்டினார். முன்பு எப்போதோ சுவருக்கு அடித்த வெளிர்மஞ்சள் பெயிண்ட், குழாயிலிருந்து நட்டின் மேல் வழிந்து வால்வின் உடல்வரை ஒரே படலமாகக் காய்ந்திருந்தது. எங்குமே விரிசல் இல்லை. நட்டை ஒருமுறை திருகியிருந்தாலும் அந்தப் படலம் உடைந்திருக்கும். 2,900 ரேண்ட் வாங்கிய வால்வை யாரும் தொடவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இவர் பதிவு அட்டையைத் தாமாகவே எடுத்துக் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். கீசர் சார்ந்த வேலை என்றால், முடிந்ததும் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக்கும் அது தேவைப்படும்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட வேலைகளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. வேலை தொடங்குமுன் மதிப்பீடு கேட்டால், அதைத் தந்து உங்கள் ஒப்புதலைப் பெறாமல் கட்டணம் வசூலிக்க முடியாது என்கிறது 15-ஆம் பிரிவு. பார்வையிடுவதற்குக் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஆகவே, "மதிப்பீடு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள். பொருத்திய உதிரிப்பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. எனக்கு மிகவும் உதவியது 67-ஆம் பிரிவு: கழற்றிய பழைய பாகங்களைத் தனியே வைத்து, ஓரளவு சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டு உங்களிடம் திருப்பித் தர வேண்டும், நீங்களே வேண்டாம் என்று சொன்னாலொழிய. மாமியார் கேட்டும் மறுக்கப்பட்ட அந்தப் பித்தளைக் குழாய் சட்டப்படி எங்களுடையது.

இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, பெயிண்ட் படலத்தின் புகைப்படத்தோடு கடிதம் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் பேசாமல், வால்வின் விலையையும் அதன் வாட்டையும் சேர்த்து 3,335 ரேண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். மீதித் தொகைக்கு, நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம். அதற்கு முன் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். அதையும் எழுதி வைத்துவிட்டேன்.

வால்வு மாற்றியதாக உங்களுக்கும் யாராவது பில் கொடுத்திருந்தால், வால்வின் நட்டில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடையாமல் இருந்தால், எதையும் துடைக்காமல், பில்லையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள். நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தருகிறேன்.