12 கேஜ் டம்மி தோட்டா: மூன்று வகையில் எதை வாங்கலாம்

வீட்டுப் பாதுகாப்புக்கென்று பம்ப் ஷாட்கன் (முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் துப்பாக்கி) வாங்கியவர்கள் பலர், வாங்கிய சூட்டோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்குப் போய் ஒரு பெட்டி தோட்டாவைத் தீர்த்துவிட்டு, துடைத்துப் பூட்டி வைத்துவிட்டு, அதோடு பயிற்சி முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ரேஞ்சுக்கு அடிக்கடி போக நேரமும் இல்லை, தோட்டாவும் மலிவில்லை, தோளும் தாங்காது, எல்லாம் சரி. ஆனால் பம்ப் துப்பாக்கியில் கைக்குப் பழக வேண்டிய வேலையில் பெரும்பகுதியைச் சுடாமலே பழகலாம். அதற்குத்தான் டம்மி தோட்டா, அதாவது மருந்து இல்லாத, வெடிக்காத போலித் தோட்டா. முழு பிளாஸ்டிக், முழு அலுமினியம், பித்தளை அடியோடு உள்ளே எடை நிரப்பியது என்று மூன்று வகையையும் போதுமான அளவு உபயோகித்துவிட்டேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள் பழக எடை நிரப்பியதை வாங்குங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் வெறும் துப்பாக்கியை இழுத்து இழுத்துப் பழகினால் போதாது? பம்ப் மாடலில் வரும் கோளாறுகளில் முக்கியமானது துப்பாக்கியுடையதே அல்ல, கையுடையது. முன்பிடியைக் கடைசிவரை பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னுக்குத் தள்ளிவிடுவது. பதற்றத்தில் இது சாதாரணமாக நடக்கும். அப்படி இழுத்தால் பழைய தோட்டா வெளியே வராமல் சிக்கலாம், அல்லது அது வந்தும் அடுத்தது குழலுக்குக் கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாயிலிருந்து ஏறாமல் போகலாம், காலி சேம்பரில் (சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) டிரிகரை அழுத்திக்கொண்டு நிற்பீர்கள். காலித் துப்பாக்கியில் பழகும்போது இந்தத் தப்பு தெரியவே தெரியாது, கேட்கிற சத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கும். உள்ளே டம்மி இருந்தால் தரையில் விழுந்ததா இல்லையா என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் எங்கே போக வேண்டும் என்பதும் இப்படித்தான் பழகும். பரவலாகக் கிடைக்கும் இரண்டு பம்ப் மாடல்களைப் பாருங்கள். மாஸ்பெர்க் 500-இல் சேஃப்டி (தவறிச் சுடாமல் பூட்டும் பொத்தான்) மேலே, கட்டை விரலுக்குக் கீழே. முன்பிடியை விடுவிக்கும் பொத்தான் டிரிகர் வளையத்துக்குப் பின்னால். ரெமிங்டன் 870-இல் சேஃப்டி டிரிகருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் பொத்தான், விடுவிக்கும் பொத்தான் வளையத்துக்கு முன்னால். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் இருட்டில் தடவும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருமே உங்கள் துப்பாக்கியில்தான் பழக வேண்டும், நண்பருடையதில் அல்ல. இன்னொன்று, பின்கட்டை நீளம். வழக்கமான கட்டை சுமார் 14 அங்குலம் இருக்கும், குள்ளமானவர்களுக்கு அது அதிகம், முன்பிடியை எட்டிப் பிடிப்பதிலேயே முழங்கை நீண்டுவிடும், பிறகு பாதி இழுப்புதான் வரும். டம்மியோடு கொஞ்ச நாள் பழகினாலே இது தெரிந்துவிடும், கட்டையை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, பிளாஸ்டிக். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகையில் பலவும் ஒரே மாதிரி வார்ப்புதான். பளீரென்ற ஆரஞ்சு நிறம், அது ஒரு நல்ல விஷயம். கெட்டது விளிம்பு. தோட்டாவை வெளியே இழுக்கும் எஃகுக் கொக்கி அந்த அடி விளிம்பைத்தான் பற்றுகிறது, மாஸ்பெர்க் 500-இல் இரண்டு கொக்கி வேறு. பிளாஸ்டிக் விளிம்பை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடும். எனக்கு வந்த செட்டில் சீவல் சேம்பருக்குள்ளேயே கிடந்தது, அதற்கப்புறம் கொக்கி வழுக்க ஆரம்பித்தது. துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களும் இருப்பார்கள், விளிம்பைப் பார்த்தாலே போதும். எடையும் இல்லை, கையில் எடுத்தால் காலி டப்பா.

அலுமினியத்தில் விளிம்புப் பிரச்சினை இல்லை. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) இருக்க வேண்டிய இடத்தில் மெத்தென்று ஒரு அடைப்பு இருக்கும், டிரிகரை அழுத்தினால் பாயும் ஃபயரிங் பின் என்ற ஊசி அதில் இடிக்கும். நாளாக நாளாக அது குழிந்து போகும், குழிந்தபிறகு அந்த ஊசிக்குத் தாங்கல் இல்லை, மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 2¾ அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது வாய் விரிந்த காலி உறையின் நீளம், சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. சில டம்மிகள் அந்தக் குட்டையிலும் குட்டையாக வருகின்றன, தோட்டாவைத் தூக்கி நிறுத்தும் தகட்டில் அவை சரியாக உட்காராமல் குப்புற விழுகின்றன. 1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் சாதாரண பம்ப் துப்பாக்கிகளில் சிக்குவதும் இதே காரணத்தால்தான். அவற்றையும் சேர்த்து ஓட்டவென்றே மாஸ்பெர்க் 590எஸ் என்று தனி மாடல் 2021-இல் வந்தது.

எடை நிரப்பியதற்கு வருவோம். 00 பக்‌ஷாட் தோட்டா ஒன்றில், அதாவது பெரிய ஈயக் குண்டுகள் அடைத்ததில், பொதுவாக 9 ரவை, ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர், ஈயம் மட்டுமே 31 கிராம். உறை, மருந்து, அடைப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 45 கிராம். ஐந்து தோட்டாவைக் குழாயில் ஏற்றினால் கால் கிலோ கிட்டத்தட்ட, அதுவும் குழலுக்குக் கீழே, முன்பக்கமாக. தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுபாருங்கள், புஜம் வேறு கதை சொல்லும். லேசான டம்மியோடு பழகியவருக்கு இந்த முன்பாரம் புதிதாக இருக்கும். எடை போட்ட டம்மியோடு பழகினால் ஏற்றுவது, தூக்குவது, இழுப்பது எல்லாம் நிஜத் தோட்டாவோடு செய்வதற்குக் கிட்ட வந்துவிடுகிறது. பித்தளை அடி என்பதால் கொக்கியும் ஒழுங்காகப் பற்றுகிறது.

குறை நிறத்தில். நான் வாங்கியது கரும்பச்சை உறை, விளக்கு வெளிச்சம் குறைவாக இருந்தால் நிஜத் தோட்டா மாதிரியே இருக்கிறது. டம்மி விற்பவருக்கு இதைவிட அபத்தமான யோசனை வர முடியாது. வந்த அன்றே உடம்பு முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டேன். மஞ்சளில் வாங்காதீர்கள். மஞ்சள் உறை என்பது 20 கேஜ் தோட்டாவுக்கு என்று வழக்கமாகிவிட்ட நிறம். 12 கேஜைவிடச் சன்னமான 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பரைத் தாண்டி உள்ளே நழுவிக் குழலில் அடைத்துக்கொள்ளும், அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் கை நிற்க வேண்டும், விளையாட்டுப் பொருளாக்கிவிடக் கூடாது.

பெட்டியில் வந்த வழிமுறைச் சீட்டில் பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான், அதனால் நானே எழுதுகிறேன். நிஜத் தோட்டா எல்லாம் வேறு அறையில், கதவு சாத்தி. பின்கட்டையில் மாட்டிய தோட்டாப் பையில் இருப்பவையும் சேர்த்துத்தான், மறந்துபோவது அவைதான். சேம்பரைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலாலும் தொட்டுப்பாருங்கள், குழாயிலும் விரல் விட்டு உள்தகடு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். குழல் நோக்கும் திசையில் பக்‌ஷாட்டைத் தடுக்கக்கூடிய ஏதாவது இருக்க வேண்டும்; வீட்டின் உள்சுவர், அதிலும் பலகைச் சுவர், தடுக்காது. டம்மிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். முடிந்தது என்றால் முடிந்தது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தபிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுப்பதுதான் ஆபத்தான நேரம், அதற்குள் நிஜத் தோட்டா ஏறியிருக்கலாம். நிஜத் தோட்டாவையே ஏற்றி இறக்கிப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். தற்செயலாக வெடிப்பது ஒரு பக்கம், திரும்பத் திரும்ப ஏற்றிய தோட்டாவின் விளிம்பும் வாயும் நசுங்கி, தேவைப்படும் நேரத்தில் அதுவே சிக்கும்.

டம்மியால் ஆகாத வேலையும் இருக்கிறது. உதை தெரியாது, ரவை விரிவது தெரியாது. கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது குழலையும் தோட்டாவையும் பொறுத்து ஏகத்துக்கு மாறும்; ரவையைக் கட்டி அனுப்பும் அடைப்பு உள்ள தோட்டாக்கள் 10 கெஜத்திலும் முஷ்டி அளவைத் தாண்டாமல் போகலாம். ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டாம், திருப்பினால் போதும் என்பது சுத்தப் பொய். வீட்டுக்குள் நேராகப் பார்க்க முடிகிற நீளமான தூரத்தை அளந்து, அதே தூரத்தில், வீட்டில் வைத்திருக்கும் அதே தோட்டாவைக் காகிதத்தில் சுட்டுப்பாருங்கள். மீதிப் பயிற்சிக்கு மலிவான சின்ன ரவை போதும். காதுக்கவசம் கட்டாயம், 12 கேஜ் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும்.

ரேஞ்சிலும் டம்மிக்கு ஒரு வேலை உண்டு. கூட வருபவரை ஏற்றித் தரச் சொல்லுங்கள், நிஜத்துக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மி. அது 'டிக்' என்று ஒலிக்கும்போது குழல் கீழே குனிந்தால், உதைக்குப் பயந்து முன்கூட்டியே அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். ஆனால் 'டிக்' கேட்ட உடனே இழுத்துவிடாதீர்கள், தாமதமாக வெடிக்கும் நிஜத் தோட்டாவாகவும் இருக்கலாம். குழலை இலக்கை நோக்கியே 30 வினாடி வைத்திருந்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் கொண்டுபோவது அந்த ஆரஞ்சு பிளாஸ்டிக்கைத்தான். புல்லில் விழுந்தாலும் தேடி எடுத்துவிடலாம், தொலைந்தாலும் வருத்தமில்லை.