பென் டிரைவ் துப்புரவு: திருநெல்வேலித் திருத்தகம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலியில் போட்டோக்கொப்பிக் கடைகள் நெருக்கமாக இருப்பதால், அவற்றின் கணினிகளில் இருந்து புழுவை (தன்னைத் தானே பிரதி செய்து பரவும் தீய நிரலை) ஏற்றிக்கொண்டு வரும் பென் டிரைவ்களைத் துப்புரவு செய்து கொடுக்கும் திருத்தகங்களுக்கும் அங்கே குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் செய்கின்றன. ஒன்றில் பென் டிரைவை போமற் செய்து வெறுமையாகக் கையில் தருவார்கள். அல்லது மறைந்துபோன கோப்புகளை ஒரு கட்டளையால் வெளிக்கொணர்ந்து, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் இங்கே எழுதும் கடை இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு படி போகிறது. பல்கலைக்கழகத்தில் இருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில், ஓர் ஒழுங்கைக்குள், வீட்டின் முன் விறாந்தையை அடைத்து நடத்தப்படும் சிறிய கடை அது. பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இரண்டு மூன்று குறைகளைக் கண்டபோதிலும், இந்த வேலைக்கு அங்கே போகலாம் என்பதே என் முடிவு.

நான் கொண்டுபோனது உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியின் ஆய்வேடு இருந்த பென் டிரைவ். திறந்தால் எல்லாக் கோப்புறைகளும் அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் கிடந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது மூலையிலும் ஒரு சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தது. கோப்புறையை அழுத்தினால் உள்ளே இருந்த ஆவணங்கள் வழக்கம்போலத் திறந்தன. அதனால்தான் அவள் பல நாட்களாக எதையும் சந்தேகிக்கவில்லை. திருத்தும் தம்பி அந்தக் கோப்புறைகளில் ஒன்றை வலது பொத்தானால் அழுத்தி, அதன் பண்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்து, அது எங்கே போகிறது என்று எழுதியிருந்த வரியை இழுத்துக் காட்டினார். அது கோப்புறையே அல்ல, ஒரு ஷோர்ட்கட், அதாவது அழுத்தினால் வேறொரு கோப்பையோ நிரலையோ திறக்கும் குறுக்குவழி. அந்த நீண்ட வரியின் முற்பகுதி பென் டிரைவிலேயே மறைந்திருந்த ஒரு ஸ்கிரிப்ட் கோப்பை, அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை, இயக்கியது. பிற்பகுதி உண்மையான கோப்புறையைத் திறந்து கண்முன் வைத்தது. இரண்டும் ஒரே அழுத்தலில் நடந்துவிடுவதால், பார்ப்பவர் தன் கோப்புகளைக் காண்கிறார், புழு தன் வேலையைப் பார்க்கிறது.

உண்மையான கோப்புறைகள் அழிக்கப்படுவதில்லை. அவற்றுக்கு ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு அடையாளங்களும் சேர்த்து இடப்படுகின்றன. மறைந்த கோப்புகளைக் காட்டு என்று விண்டோஸிடம் சொன்னாலும், சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் இன்னொரு தெரிவையும் தனியாக நீக்கினால்தான் அவை தென்படும். கமாரு என்றும் அன்ட்ரோமீடா என்றும் அறியப்பட்ட புழு இன்னொரு படி மேலே போய், பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் பெயரே தெரியாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடும். அதன் பெயராக இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிட எழுத்து. அந்தப் புழு பிடித்த கணினிகளைத் தூரத்தில் இருந்து இயக்கிய வலையமைப்பை 2017 நவம்பரில் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து முடக்கின. ஆனால் இயக்குபவரின் சேர்வரை முடக்கினாலும், கணினிக்கும் பென் டிரைவுக்கும் இடையே புழு தன்னைத் தானே பிரதி செய்துகொண்டு போவது நிற்பதில்லை. பழைய புழுக்கள் இன்றும் நம் ஊர்க் கணினிகளில் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தத் தம்பி பென் டிரைவைப் பார்த்தவுடன் கேட்ட முதற்கேள்வி, “இதைக் கடைசியா எங்க போட்டனீங்கள் அண்ணை?” என்பது. பிறின்ற் எடுக்கக் கொடுத்ததைச் சொன்னேன். “அப்ப வீட்டில இருக்கிற லப்டொப்பையும் கொண்டு வாங்கோ. இதை மட்டும் துடைச்சுத் தாறதில பிரயோசனம் இல்லை” என்றார். வேலை பிடிப்பதற்கான வியாபாரப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் செய்த வேலையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

பென் டிரைவை அவர் விண்டோஸ் கணினியில் செருகவில்லை. மேசையின் ஓரத்தில் இதற்கென்றே வைத்திருக்கும், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் நிறுவிய பழைய கணினியில் செருகினார். விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஷோர்ட்கட்டும் ஸ்கிரிப்டும் அங்கே இயங்க மாட்டா. விண்டோஸின் மறைப்பு அடையாளங்களையும் அது பொருட்படுத்துவதில்லை என்பதால் எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. ஆவணங்களை மட்டும் பிரதி எடுத்து, ஷோர்ட்கட்களையும் ஸ்கிரிப்டையும், கோப்புறை வடிவப் படத்தைப் போர்த்திக்கொண்டிருந்த ஓர் இயங்கு கோப்பையும் அழித்த பிறகுதான், விண்டோஸில் ‘அட்ரிப்’ கட்டளையால் மறைப்பை நீக்கினார். மற்றக் கடைகளில் வேலை முழுவதும் இந்தக் கடைசிப் படிதான்.

லப்டொப்பில் எடுத்த நேரமே அதிகம். ஸ்கிரிப்டுகளை இயக்கும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்தினார். கணினி தொடங்கும்போது தானாக இயங்குபவற்றின் பட்டியல், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய பதிவுகள், நேரங்குறித்து இயங்கும் பணிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, புழு எந்த இடத்தில் தன்னை எழுதிவைத்திருக்கிறது என்று தேடினார். பிறகு விண்டோஸோடு வரும் அன்ரிவைரஸான டிஃபெண்டரால் முழுச் சோதனை. அப்போது அவர் சொன்ன ஒரு விடயத்தைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்: டிஃபெண்டரின் முழுச் சோதனை, செருகியிருக்கும் பென் டிரைவை இயல்பாகச் சோதிப்பதில்லை. அதை வேறாக, வலது பொத்தானை அழுத்திச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கோப்பு திறக்கப்படும் கணத்தில் டிஃபெண்டர் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் முழுச் சோதனை முடிந்து பச்சை அடையாளம் வந்ததைப் பார்த்துப் பென் டிரைவும் சுத்தம் என்று எண்ணிக்கொள்வது சரியல்ல.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வந்தது. வெறுமையான வேறொரு பென் டிரைவை எடுத்து, துப்புரவு செய்யப்பட்ட லப்டொப்பில் செருகிச் சிறிது நேரம் சும்மா விட்டார். பிறகு கழற்றி உபுண்டு கணினியில் திறந்து, அதில் ஏதாவது புதிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். புழு உயிரோடு இருந்தால் புதிய பென் டிரைவைக் கண்டதும் தன்னைப் பிரதி செய்யாமல் இராது. ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகே காசு கேட்டார். அன்ரிவைரஸ் சொல்லும் வார்த்தையை நம்புவதோடு நிற்காமல் இப்படிச் சோதித்துக் காட்டும் கடையை நான் வேறெங்கும் காணவில்லை.

கடைச் சுவரில் ‘ஒட்டோரன் நிறுத்திக் கொடுக்கப்படும்’ என்று இன்னும் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றலாம். ஒட்டோரன் என்பது, பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள ஒரு சிறு கோப்பைப் படித்து விண்டோஸ் தானாகவே ஒரு நிரலை இயக்க முன்வரும் வசதி. 2008 நவம்பரில் தலைகாட்டிய கொன்ஃபிக்கர் புழுவின் அடுத்த வகை இதை நன்றாகவே பயன்படுத்தியது: செருகியதும் தோன்றும் பெட்டியில், ‘கோப்புகளைப் பார்க்கக் கோப்புறையைத் திறக்கவும்’ என்று கோப்புறைப் படத்தோடு ஒரு போலி வரியைப் புகுத்தியது. 2009இல் வந்த விண்டோஸ் 7, பென் டிரைவ்களுக்கு அந்த வசதியை நிறுத்தியது; 2011 பெப்ரவரியில் எக்ஸ்.பி., விஸ்டா ஆகியவற்றுக்கும் மைக்ரோசொப்ட் அதை நிறுத்தும் இற்றைப்படுத்தலை அனுப்பியது. ஷோர்ட்கட் புழு அந்தக் கதவு மூடப்பட்ட பின்னும் வாழ்கிறது, ஏனெனில் அதற்கு விண்டோஸின் உதவி வேண்டியதில்லை, நம்முடைய விரல் ஒருமுறை அழுத்தினாற் போதும். 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற புழுவுக்கு அந்த அழுத்தலும் வேண்டியிருக்கவில்லை. ஷோர்ட்கட்டின் படத்தை விண்டோஸ் திரையில் காட்டும்போதே இயங்கக்கூடிய ஒரு பிழையை அது பயன்படுத்தியது. அதே ஆண்டு ஓகஸ்டில் அந்தப் பிழை திருத்தப்பட்டது. இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் நடான்ஸ் அணுநிலையத்துக்குள் அது புகுந்த வழி பென் டிரைவ் என்றே கருதப்படுகிறது. ஆகவே ஒட்டோரனை நிறுத்துவதற்குக் காசு வாங்குவதை விட, விண்டோஸை இற்றைப்படுத்திக் கொடுப்பதற்கு வாங்கலாம். நம் பிறின்ற் கடைகளில் இன்னும் ஓடும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபரில் முடிந்தது.

பிறின்ற் கடைக் கணினியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் திருத்தகத்தின் பெரிய குறை அதனோடு தொடர்புடையது. ஊர் முழுவதும் ஒரே வாளியால் அள்ளும் கிணறு போன்றது அந்தக் கணினி. ஆய்வேடு, ரியூசன் குறிப்பு, கிராம அலுவலரிடம் கொடுக்கும் படிவம், கலியாண வீட்டு அழைப்பிதழ் எல்லாம் அதன் ஒரே யூ.எஸ்.பி. துளை வழியாகத்தான் வருகின்றன. அண்மைக்காலமாகப் பென் டிரைவ் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்காக அதே கணினியில் வாட்ஸ்அப் வெப் காலை முதல் இரவு வரை திறந்தே கிடக்கிறது. பென் டிரைவுக்கும் செய்திக்கும் இடையே இருந்த இடைவெளி இப்போது அந்த ஒரு கணினியில் இல்லாமற் போய்விட்டது.

செய்தி வழியாகப் பரவும் புழுவுக்கும் இதேயளவு நீண்ட வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழு, உரைக்கோப்பு போல் தோன்றிய ஒரு ஸ்கிரிப்டை மின்னஞ்சலில் இணைத்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன்னை அனுப்பியது. 2012இல் ஸ்கைப்பில், இது உன் புதிய முகப்புப் படமா என்று சிரித்துக் கேட்கும் ஒற்றை வரியும் ஓர் இணைப்பும் நண்பரின் பெயரிலேயே வந்தன. 2017இல் டிக்மைன் என்ற தீய நிரல், வீடியோ போன்ற பெயருடைய சிப் கோப்பாகப் (சுருக்கிக் கட்டிய கோப்பாகப்) பேஸ்புக் மெசஞ்சரில் வந்தது. அதைத் தொலைபேசியில் திறந்தால் ஒன்றும் நடக்காது, கணினியில் குரோம் வழியாகத் திறந்தால் மட்டுமே இயங்கும். 2025இல் பிரேசிலில் பரவிய சோர்வெபோட்டெல் என்ற புழு இன்னும் நெருக்கமாக வந்துவிட்டது. சிப் கோப்புக்குள் ஒரு ஷோர்ட்கட். அதைக் கணினியில் திறந்தால், திறந்து கிடக்கும் வாட்ஸ்அப் வெப்பைக் கண்டுபிடித்து, அதிலுள்ள எல்லாத் தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் அதே சிப் கோப்பை அனுப்பிவிடும். அதாவது, பென் டிரைவில் கோப்புறைப் படம் செய்த வேலையை இங்கே தெரிந்தவரின் பெயர் செய்கிறது. கொடியேற்ற வீடியோ என்றோ மரண அறிவித்தல் என்றோ கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பெயரில் வந்தால் இங்கே திறக்காதவர் யார்?

இந்தப் பக்கத்தைத் திருத்தகம் கவனிக்கவில்லை. லப்டொப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்ததை அந்தத் தம்பி பார்த்தும், அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்ட பிறகுதான், தொலைபேசியில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றும்படி சொன்னார். புழு பிடித்த கணினியில் திறந்திருந்த ஒவ்வொரு கணக்கையும் வெளியேற்றுவதும், கடவுச்சொல்லை வேறொரு சாதனத்தில் இருந்து மாற்றுவதும், தன் பெயரில் ஏதாவது கோப்பு போயிருக்கிறதா என்று நண்பர்களிடம் விசாரிப்பதும் துப்புரவில் அடங்க வேண்டும். பென் டிரைவுக்கு இவ்வளவு நிதானம் காட்டுபவருக்கு இது தெரியாத வேலை அல்ல.

இன்னொரு குறை, வாடிக்கையாளர் கேட்டால் திருட்டுப் பிரதி விண்டோஸையும் ஒஃபிஸையும் நிறுவிக் கொடுப்பது. அவற்றை உயிர்ப்பிக்கும் சிறு நிரல்கள் டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லும், அல்லது ஒரு கோப்புறையைச் சோதனையில் இருந்து விலக்கச் சொல்லும். ஒரு மேசையில் புழுவை எடுத்துவிட்டு அடுத்த மேசையில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. விலை ஒரு காரணம் என்பதை அறிவேன். ஒஃபிஸுக்கு மாற்றான லிப்ரெஒஃபிஸ் இலவசம் என்பதையாவது அவர்கள் சொல்லலாம்.

பிரதி எடுத்த ஆவணங்களை உபுண்டு கணினியில் இருந்து என் முன்னாலேயே அழித்தார்கள், ஆனால் கேட்ட பிறகுதான். படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் உள்ள பென் டிரைவைக் கொடுப்பவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இதைக் கேட்காமல் வரக்கூடாது.

கட்டணம் ஒரு புதிய பென் டிரைவின் விலையைவிடக் குறைவு. லப்டொப்புக்கு வேறாக வாங்குகிறார்கள், அது வேலையின் நேரத்தைப் பார்த்தால் நியாயமானதே. ஆய்வேடு ஒப்படைக்கும் காலத்தில் வரிசை நீளும், அன்றே திரும்பக் கிடைக்காது. போகிறவர்கள் லப்டொப்பையும் சார்ஜரையும் கொண்டுபோக வேண்டும், எந்தக் கடையில் பிறின்ற் எடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி அந்தக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுகிறார், அதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை.